அடுத்த முன்பதிவுக்குப் பதினைந்து சதவீதம் தள்ளுபடி

எழுதும்போது கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு அது வராது. 'வாடிக்கையாளரோடு தொடர்பில் இருங்கள்' என்று யாராவது சொன்னால் போதும், இத்தனை வருடம் கழித்தும் எனக்கு உச்சந்தலை வரை ஏறுகிறது. அந்தக் கோபத்தில் பாதி, அந்த வாக்கியத்தை எனக்கு விற்றவன் மேல். மீதிப் பாதி, அதை வாயைப் பிளந்துகொண்டு கேட்டு, பணத்தையும் எண்ணி வைத்துவிட்டு வந்த முட்டாள் மேல். அந்த முட்டாள் நான்தான்.

கள்ளக்குறிச்சியில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுவது என் தொழில். (ஐஸ்கிரீம் பெட்டி இல்லை. சாவு வீட்டில் உடலை வைப்பார்களே, கண்ணாடி மூடி போட்ட பெட்டி, அது.) நான்கு பெட்டி, இரண்டு ஜெனரேட்டர், ஒரு அமரர் ஊர்தி. வண்டி ஓட்டுவது நான். போனை எடுப்பது என் மனைவி மல்லிகா.

எங்களுக்கு ஒரு வெப்சைட் இருந்தது. ஒரே பக்கம். கறுப்புப் பின்னணி, நடுவில் ஒரு பெட்டியின் போட்டோ, கீழே பூசணிக்காய் அளவுக்குப் போன் நம்பர். சாவு வீட்டுக்காரனுக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை. ஆனால் உளுந்தூர்பேட்டையில் இதே தொழில் செய்யும் ஒருவர் புதிதாக ஒரு வெப்சைட் போட்டார். திறந்தால் மேலிருந்து ரோஜா இதழ் விழும், பின்னால் புல்லாங்குழல் கேட்கும். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சேலத்தில் ஒரு டிசைனரைப் பிடித்தேன். பெயர் பிரசாந்த். என் வெப்சைட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், உங்க சைட்டு செத்துப்போன மாதிரி இருக்கு" என்றான். (எங்கள் தொழிலுக்கு அது குறையா நிறையா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.) அவன் கேட்ட தொகைக்கு ஒரு பெட்டிக்குப் புது கம்ப்ரஸரே போட்டுவிடலாம்.

மல்லிகா அதைத்தான் சொன்னாள். "ரோஜா எதழ் உழுவுதான்னு பாத்துட்டா நம்மள கூப்புடுறாங்க? மூணாம் நம்பர் பொட்டி கத்துற கத்துக்கு அழுவுறவங்க சத்தமே கேக்கல. மொதல்ல அதுக்கு கம்ப்ரஸர் மாத்துங்க."

நான் நியாயமான மனிதன் என்று காட்டிக்கொள்ள ஓர் ஆராய்ச்சி செய்தேன். போன் செய்பவர்களிடம் எங்கள் நம்பர் எங்கே கிடைத்தது என்று ஒரு வாரம் கேட்டுப் பார்ப்பது. வெப்சைட்டைப் பார்த்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிந்துவிட்டால், செலவு செய்யலாமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடலாம் இல்லையா? மல்லிகா இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நானே கேட்டேன்.

"எங்கப்பா செத்துக் கெடக்குறாரு. நம்பர் எங்க கெடச்சுதுன்னு உனக்கு இப்போ தெரியணுமா? கம்பத்துலடா" என்றார் முதல் ஆள்.

அந்த வாரம் ஒன்பது பேர். ஏழு பேருக்குக் கரண்ட் கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸ். ஒருவருக்கு ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைக்காரர் சொன்னது. ஒரே ஒருவர் வெப்சைட்டைப் பார்த்தவர், ஊரில் இறந்துபோன அம்மாவுக்காகச் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டவர். மூளை உள்ள எவனும் இதைப் பார்த்துவிட்டு இன்னும் நூறு நோட்டீஸ் அடித்துக் கம்பத்தில் ஒட்டியிருப்பான். நான் அந்தச் சிங்கப்பூர்க்காரரைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வெளிநாட்டு மார்க்கெட் இருக்கிறது என்று பிரசாந்த் சொன்னான். நானும் நம்பினேன்.

புது வெப்சைட் வந்தது. வெள்ளைப் பின்னணி. முகப்பில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் புல்வெளியில் நின்று சிரிக்கிறது. 'எங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்' என்று ஒரு பகுதி. போன் நம்பரைக் கடைசியில், எறும்பு அளவில், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கூடவே ஒரு தானியங்கி ஏற்பாடு. "பொட்டி எடுத்தவங்க நம்பர உள்ள போட்டுட்டா போதும் சார். மிச்சத்த சிஸ்டம் பாத்துக்கும். கஸ்டமரோட எப்பவும் தொடர்புலயே இருக்கலாம்" என்றான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு நம்பராகத் தட்டினேன், இந்த விரலால்தான்.

எங்கள் தொழிலுக்கு என்று ஒரே ஒரு சட்டம் உண்டு. வேலை முடிந்தால் சொல்லாமல் கிளம்பிவிட வேண்டும். 'வரேன்' என்று சொல்லக் கூடாது. 'நன்றி' கூடாது. பிறகு ஒரு கல்யாண வீட்டில் அதே குடும்பத்தைப் பார்த்தால், தெரியாத மாதிரி பந்தியில் வேறு பக்கம் உட்கார்ந்துவிட வேண்டும். எங்களோடு தொடர்பில் இருக்க உலகத்தில் எவனும் விரும்ப மாட்டான். பதினைந்து வருடம் இப்படி ஒதுங்கி ஒதுங்கித்தான் பெயர் வாங்கினோம். அந்தப் பெயரை நான் சிஸ்டத்தின் கையில் கொடுத்தேன்.

அது வேலையைக் காட்டிய அன்று நான் வெள்ளிமலையில் இருந்தேன். அங்கே ஒரு சாவு. பெட்டியும் ஜெனரேட்டரும் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினேன். கல்வராயன் மலை மேல் போனில் சிக்னல் கிடையாது. அடிவாரத்தில் கச்சிராயபாளையம் வந்ததும் சட்டைப்பையில் போன் துள்ள ஆரம்பித்தது. முப்பத்தொரு மிஸ்டு கால். எல்லாம் ராஜவேல் என்பவருடைய நம்பர்.

எலவனாசூர்கோட்டைக்காரர். அவருடைய அம்மாவுக்குத்தான் அதற்குப் பதினைந்து நாள் முன்னால் பெட்டி கொடுத்திருந்தேன். ஐயோ, அந்த வீட்டில் இன்னொரு சாவா என்று பதறிக்கொண்டு கூப்பிட்டேன்.

"எங்கடா இருக்க?" என்றார்.

"மலையில இருந்து எறங்கிக்கினு இருக்கேங்க. இன்னாங்க ஆச்சு?"

"மெசேஜ அனுப்பிட்டு இன்னா ஆச்சுன்னா கேக்குற? எங்கப்பா உன்ன பாக்கணும்ன்றாரு."

அன்றைக்கு அந்த அம்மாவின் கருமாதி. பந்தலில் மொத்தச் சொந்தமும் உட்கார்ந்திருக்கிறது. ராஜவேலுக்குத் தாய்மாமன் தலைப்பா கட்டிக்கொண்டிருந்ததால் அவர் போன் மச்சான் கையில் இருந்திருக்கிறது. மெசேஜ் வந்த சத்தம் கேட்டதும், இறப்புச் சான்றிதழ்தான் வந்துவிட்டது என்று நினைத்து மச்சான் அதை உரக்கப் படித்திருக்கிறார்.

'வணக்கம் ராஜவேல்! எங்கள் சேவையை நீங்கள் பெற்று 15 நாட்கள் ஆகின்றன. உங்களை மிஸ் பண்ணுகிறோம்! உங்கள் குடும்பத்தின் அடுத்த முன்பதிவுக்கு 15% தள்ளுபடி. இச்சலுகை ஓராண்டு வரை மட்டுமே. முந்துங்கள்!'

படித்து முடித்ததும் பந்தலில் ஒவ்வொரு தலையாகத் திரும்பி, மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ராஜவேலின் அப்பாவைப் பார்த்திருக்கிறது. கோவிந்தசாமி, ரிட்டயர்டு கண்டக்டர், எழுபத்தெட்டு வயது. அந்த வீட்டில் அடுத்து என்றால் அவர்தான்.

உடனே போய்க் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதுவரைக்கும் சரி. ஆனால் கள்ளக்குறிச்சியைத் தாண்டிக்கொண்டுதான் போனேன், வீட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்கூட்டரை எடுக்கலாம் என்ற அறிவு வரவில்லை. தியாகதுருகம் தாண்டியும் வரவில்லை. கருமாதி வீட்டு வாசலில் அமரர் ஊர்தியைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அம்மா குடத்தை விட்டுவிட்டு, "யாருக்குங்க?" என்று கேட்டாள். பந்தலில் இருந்து இரண்டு பேர் எழுந்து, கோவிந்தசாமி ஐயா மூச்சு விடுகிறாரா என்று அவர் பக்கம் ஓடினார்கள். மச்சான் நேராக வந்து என் சட்டையைப் பிடித்தார். "மெசேஜும் அனுப்பிட்டு வண்டியும் எட்டுத்துக்கினு வந்துட்டியா? அவ்ளோ அவசரமாடா உனக்கு?"

"வுடுறா அவன" என்றார் பெரியவர். "இங்க வரச் சொல்லு."

போய் நின்றேன். மகனுடைய போன் அவர் கையில் இருந்தது.

"இத யாரு எழுதுனது?"

"கம்ப்யூட்டரு தானா அனுப்பிச்சிதுங்க ஐயா."

"கம்ப்யூட்டருக்கு எங்க வூட்டு நம்பர யாரு குடுத்தது?"

"நான்தாங்க."

"முந்துங்கள்னு போட்டிருக்க. நான் முந்தணுமா, என் மவன் முந்தணுமா? யாருன்னு சொல்லிட்டுப் போ."

அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"அம்பது வருசம் எனக்கு சோறு போட்டவ. பதினஞ்சு நாளா ஒரு வாய் சோறு எனக்கு உள்ள எறங்கல. இன்னிக்கு அவளுக்குப் படைச்சு அனுப்புறோம். நீ எனக்குத் தள்ளுபடி தர்ற."

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். டிக்கெட் கேட்கிற குரலில் சொன்னார். என் ஆயுளில் அப்படி ஓர் அவமானம் நான் பட்டதில்லை. அது எனக்கு வேண்டும், இன்னும் கூட வேண்டும்.

"ஒரு வருசந்தான் கெடுவா?" என்றார்.

"ஆமாங்க ஐயா."

"சரி. பாத்துக்கலாம். போ."

அப்படியே திரும்பி நடந்திருக்க வேண்டும். வாய் உளறியது. "வரேங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். பதினைந்து வருடத்தில் ஒரு சாவு வீட்டில்கூட நான் சொல்லாத வார்த்தை. பந்தலே எழுந்துவிட்டது. நான் வண்டியில் ஏறியதும் கதவைச் சாத்தினேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

வழியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பிரசாந்தைக் கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தைகளையும் பயன்படுத்தினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆனா சார், ரெஸ்பான்ஸ் சூப்பரா இருக்கு. ஒரே கஸ்டமர் அந்த மெசேஜ நாப்பது தடவ ஓப்பன் பண்ணிருக்காரு" என்றான். சேலம் பக்கத்தில் இருந்திருந்தால் நான் இன்றைக்கு ஜெயிலில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருப்பேன்.

அன்று மாலையே புது வெப்சைட்டைத் தூக்கினோம். பழைய கறுப்புப் பக்கத்தையே மறுபடி போட்டாள் மல்லிகா. எலவனாசூர்கோட்டைப் பக்கமிருந்து ஏழு மாதத்துக்கு ஒரு போன்கூட வரவில்லை. (அங்கே யாரும் சாகாமல் இல்லை. உளுந்தூர்பேட்டை ரோஜா இதழ்காரரைக் கூப்பிட்டார்கள்.) இப்போதும் கடையில் நான் எதையாவது புதிதாக வாங்கலாம் என்று வாயைத் திறந்தால், மல்லிகா திரும்பிக்கூடப் பார்க்காமல் "முந்துங்கள்" என்பாள். என் மகள் தன் பங்குக்கு, "ஓராண்டு வரை மட்டுமே" என்பாள். என் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

சரியாக ஒரு வருடம் கழித்து, காலை பத்தரை மணிக்கு, பஸ்ஸில் வந்து இறங்கி எங்கள் கடைக்குள் நுழைந்தார் கோவிந்தசாமி ஐயா. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த மெசேஜைப் படம் பிடித்துத் தன் போனில் வைத்திருந்தார்.

"இன்னியோட கெடு முடியுது. நல்லா பாத்துக்க. நான் உன் கடையில உக்காந்துக்கினு இருக்கேன்."

மல்லிகா டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்தார். பெட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மூன்றாம் நம்பர் பெட்டியைக் காட்டி, "என்ன இதுல மட்டும் வச்சுறாத. இன்னா சத்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அதே நாளில் வருகிறார். சிரிக்க மாட்டார். மன்னித்துவிட்டேன் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "அம்மா போனதுக்கப்புறம் இந்த ஆளு பொயைக்க மாட்டாருன்னுதான் நெனச்சோம். உம்மேல இருக்குற கடுப்புலதான் சாப்புடவே ஆரம்பிச்சாரு" என்று ராஜவேல் ஒருநாள் சொன்னார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் தைரியம் எனக்கு இல்லை.

இந்த வருடம் அந்த நாள் வந்தது. பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. மல்லிகா வாசலுக்கும் மேசைக்கும் நடந்தாள். நான் ஏற்கெனவே துடைத்த பெட்டியையே துடைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு அடிக்கும் நேரத்தில் போன் அடித்தது. ராஜவேல் நம்பர்.

முதல் மணியிலேயே போனை எடுப்பது எங்கள் தொழில். அன்றைக்கு இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மல்லிகாதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாம்மா, போன எடுக்க இவ்ளோ நேரமா? இப்படி இருந்தா எவன் உங்ககிட்ட பொட்டி எடுப்பான்?" கோவிந்தசாமி ஐயாதான். "என் போன் ரிப்பேரு, மவன் போன எட்டுத்துக்கினு வந்தேன். தியாகதுருகத்துல பஸ்ஸு பஞ்சரு. டீ சொல்லி வையி. சக்கர கம்மியா."

மல்லிகா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அவருக்கு நூறு வயது வரைக்கும் என் மேல் கோபம் தீரவே கூடாது என்று வேண்டிக்கொண்டே நான் டீக்கடைக்கு ஓடினேன்.