பர்வதமலையில் எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை என்பது பற்றி

பெரிய காஞ்சிபுரம்,
18-11-1970.

மரியாதைக்குரிய மாமா கோதண்டபாணி அவர்களுக்கு, மருமகன் குமாரசாமி கைகூப்பி எழுதிக்கொண்டது. அத்தைக்கும் என் வணக்கம். இங்கு நான் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் தங்கள் கார்டைப் படித்த பிறகு, சுகம் என்று எழுதினால் அதற்கும் ஒரு அர்த்தம் எடுத்துவிடுவீர்களோ என்று பயமாக இருப்பதால், உயிரோடு இருக்கிறேன் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

"பூவம்மாள் எல்லாம் சொன்னாள். திருட்டுக் கல்யாணமாம், பஸ்ஸில் சிரிப்பாம். என் மகள் தேவகி கண்ணை மூடி எட்டு மாதம்தான் ஆகிறது. புது மாப்பிள்ளைக்கு இந்த வீட்டில் சாப்பாடு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்" என்று தாங்கள் எழுதிய கார்டு போன சனிக்கிழமை வந்தது. கார்டானதால் தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். "சொல்லவே இல்லியே சார்" என்று கையைக் குலுக்கிவிட்டு அடுத்த வீட்டுக்கும் அந்தச் செய்தியையே முதலில் கொடுத்தார். மறுநாள் வழக்கம்போல ஆறு மணிக்குக் குளித்து, வாலாஜாபாத் பஸ்ஸுக்காகச் சட்டை மாட்டிக்கொண்டு, போகக் கூடாது என்பது நினைவு வந்து, அந்தச் சட்டையோடு சாயங்காலம் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வாரத்தில் அந்த ஒரு வேளைதான் ஒரு வீட்டுச் சாப்பாடு, மாமா. மற்ற ஆறு நாளும் வயிறு மட்டும்தான் நிறைகிறது.

மின்சார ஆபீஸில் வேலை செய்பவன் நான். லைன் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்காமல் சுவிட்சைப் போடுவதில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என்மேல் குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, நான் பர்வதமலையில் திருட்டுக் கல்யாணம் செய்துகொண்டேன் என்பது. இரண்டாவது, ஆரணி பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்தேன் என்பது. இரண்டுமே பொய். ஆபீஸ் வேலை இருக்கிறது, எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்று நான் சொல்லியனுப்பியதும் பொய்தான். அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறேன்.

நான் மலைக்குப் போகவில்லை, கொண்டுபோகப்பட்டேன். இந்த எட்டு மாதமாக யார் கையைப் பிடித்து எங்கே உட்கார வைத்தாலும் அங்கேயே இருப்பேன். தங்கள் வீட்டிலேயே ஒரு நாள் சாப்பிட்ட கையைக் கழுவாமல் அத்தை விளக்கேற்றுகிற வரை உட்கார்ந்திருந்தேனே. இதைப் பார்த்துவிட்டு என் சிநேகிதர்கள் மூன்று பேரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். தறி நெய்கிற ராமலிங்கம், சாயப்பட்டறையில் இருக்கிற பஞ்சாட்சரம், எங்கள் ஆபீஸ் வயர்மேன் யேசுதாஸ். தீபாவளி வேலை முடிந்து தறியெல்லாம் சும்மா நின்ற நேரம். "இவன இப்படியே உட்டா தூணாயிடுவான்பா. எங்கனா உசரமா இட்டுக்கினு போய் மூச்சு வாங்க வைக்கணும்" என்றானாம் ராமலிங்கம். ஊட்டிக்குப் போக ஒருவருக்கும் வசதி இல்லாததால் பர்வதமலை என்று முடிவாயிற்று. கூடவே ஒரு ஒப்பந்தம். என் மனசு நோகாமல் இருக்க, என் காதுபட ஒருவரும் பெண்டாட்டி, கல்யாணம், மாப்பிள்ளை என்ற வார்த்தைகளைச் சொல்லக் கூடாது. இந்த ஒப்பந்தம்தான் என் குடியைக் கெடுத்தது என்பதைக் கீழே விளக்குகிறேன்.

அந்த மலையில் உச்சிக்குப் பக்கத்தில் பாறையில் அடித்த கடப்பாறைகளையும் சங்கிலியையும் பிடித்துத்தான் ஏற வேண்டும். நாலு பேரும் இடுப்பில் ஒரே கயிறாகக் கட்டிக்கொள்வது என்று பேச்சு. வேறு ஊர்க்காரனாக இருந்தால் கடையில் தேங்காய்நார்க் கயிறு வாங்கியிருப்பான். ராமலிங்கம், "நாரு கயித்த நம்பி எவன் தொங்குவான், பட்டு மாரி வருமா" என்று, பாவு முடிந்து தறியில் மிச்சம் நிற்கிற பட்டு நூலையெல்லாம் நாலு தெருவில் கேட்டு வாங்கி, முறுக்கி, கட்டைவிரல் கனத்துக்குக் கயிறாக்கிவிட்டான். எவ்வளவு பாரம் தாங்கும் என்று என்னைக் கணக்குப் போடச் சொன்னார்கள். போட்டேன். நம்பிக்கை வராமல் ஆபீஸ் வேப்பமரத்தில் கட்டி, இரண்டு எண்ணெய் டின்னையும் யேசுதாஸையும் தொங்கவிட்டுப் பார்த்தோம். அசையவில்லை. கயிற்றின் பலத்தைப் பற்றி எனக்கு இன்றைக்கும் புகார் கிடையாது. ஆனால் பஞ்சாட்சரம், யாராவது தொலைந்தால் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை அரக்குச் சிவப்பில் முக்கியெடுத்தான். சாயம் ஓடாதா என்று கேட்டதற்கு, "என் சாயம் பொடவ கிழிஞ்சாலும் ஓடாது" என்றான். பலத்துக்குக் கணக்குப் போட்ட நான் சாயத்துக்குப் போடவில்லை. டிப்ளமாவில் அந்தப் பாடம் இல்லை.

சனிக்கிழமை போய் அடிவாரத்து மண்டபத்தில் படுத்து, ஞாயிறு விடிந்ததும் ஏறினோம். குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்தே பழகிய ராமலிங்கத்துக்கு அரை மைலிலேயே மூச்சு வாங்கியது. மைல் கணக்கில் சொன்னால் அவனுக்குப் புரியவில்லை. "பொடவ கணக்குல சொல்லுபா" என்றான். இன்னும் ஆயிரத்து நூறு புடவை நீளம் என்று சொன்னேன், அங்கேயே உட்கார்ந்துவிட்டான். புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, "எம் பொண்டாட்டி கட்டிக் குடுத்தது" என்று ஆரம்பித்தவன், மற்ற இருவரும் முறைத்ததும், "அதாவது, எங்க வூட்டாண்ட ஒருத்தங்க" என்றான். பிறகு அரை மணி நேரம் நால்வரும் பேசாமல் ஏறினோம். பேசுவதற்கு எடுத்த விஷயமெல்லாம் எங்கேயாவது ஒரு பெண்டாட்டியில் போய் முடிகிறதே, என்ன செய்வார்கள் பாவம்.

உச்சியில் சாமி கும்பிட்டோம். யாரோ ஒரு பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாமி மாலை ஒன்றைக் கையில் கொடுத்தார். இறங்கும்போது சங்கிலிக்கு இரண்டு கையும் வேண்டியிருந்ததால் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மாலை வந்த காரணம் இவ்வளவுதான். கடப்பாறை இருக்கிற இடத்துக்கு வந்தபோது மழை கொட்டியது. பஞ்சாட்சரம் கால் வழுக்கித் தொங்கினான், பட்டு தாங்கியது, மேலே இழுத்துவிட்டோம். அதற்குள் நாலு பேர் இடுப்பிலிருந்தும் சிவப்பாக ஊற்றுகிறது. வேட்டி, கை, கால், முகத்தைத் துடைத்ததால் முகம், நெற்றி, எல்லாம் சிவப்பு. கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்த ஒரு அம்மாள் எங்களைப் பார்த்து நடுங்கிப்போய், "எத்தினி பேருபா செத்தாங்க?" என்று கேட்டார். "இன்னும் யாரும் இல்லம்மா" என்றான் யேசுதாஸ், நிதானமாக.

பஸ்ஸில் கண்டக்டர் எங்களை ஏற்றவே யோசித்தார். "போலீசு கேசு எதுனா இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார். சாயம் ஓடிவிட்டது என்று ராமலிங்கம் விளக்கினான். அதுவரை குளிரில் சுருண்டிருந்த பஞ்சாட்சரம் நிமிர்ந்து உட்கார்ந்து, "இது என் சாயம் இல்ல. என் சாயம் ஓடாது" என்றான். "பின்ன இது இன்னாபா?" என்றான் யேசுதாஸ். மூக்கு நுனியிலிருந்து சிவப்பு சொட்டச் சொட்ட, "மலையில செம்மண்ணு இருக்குது" என்றான் பஞ்சாட்சரம். இந்தச் சமயத்தில்தான் ஆரணியில் பூவம்மாள் ஏறினார். அத்தையின் ஒன்றுவிட்ட அக்காவல்லவா, நான் எழுந்து கும்பிட்டேன். கழுத்தில் மாலை. நெற்றியிலும் வேட்டியிலும் ஆரத்தி கொட்டிய மாதிரி சிவப்பு. கூட மூன்று சிநேகிதர்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னா கொமாரசாமி, எப்ப ஆச்சி கல்யாணம்?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள், தடை செய்யப்பட்ட வார்த்தை காதில் விழுந்த ராமலிங்கம் பாய்ந்துவந்து, "அந்தப் பேச்ச இப்ப எடுக்காதீங்கம்மா. அவரு மனசு நோவும்" என்றான். "அப்ப பொண்ணு எங்கபா?" என்று அவர் கேட்க, யேசுதாஸும் ஒப்பந்தத்தை மீறாமல், "அதெல்லாம் நாங்க வாயத் தொறக்கறதா இல்லம்மா" என்றான். இதற்குமேல் ஒருவருக்கு என்ன சாட்சி வேண்டும்? பூவம்மாள்மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் வந்து சொல்லியிருப்பேன். தன் மகள் வீட்டுக்குப் போகச் செய்யாறில் இறங்குகிற வரை அவர் என்னிடம் பேசவில்லை.

இனி இரண்டாவது குற்றச்சாட்டு. நான் சிரித்ததாக அவர் பார்த்தது சிரிப்பல்ல. நனைந்த துணியோடு காற்றில் உட்கார்ந்தால் உடம்பு தானாக உதறும்; தாடை ஆடும்; பல் தெரியும்; தொண்டையிலிருந்து விட்டு விட்டுச் சத்தம் வரும்; கண்ணில் தண்ணீர் முட்டும். இது முழுக்க முழுக்கக் குளிரால் வந்தது. எனக்குச் சிரிப்பதற்கு எதுவும் இல்லை என்பது தங்களுக்கே தெரியும்.

கல்யாணம் நடக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக மூன்று பேரும் நேரில் வந்து சொல்லத் தயார். ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டோம். கோபம் தணிந்து ஒரு வரி எழுதினால் வருகிறேன். அத்தை முழங்கால் வலிக்குத் தைலம் தடவாமல் இருக்க வேண்டாம். தங்கள் இருவர் காலிலும் விழுந்து ஆசீர்வாதம் கேட்கும்,

தங்கள் மருமகன் (இன்னமும்),
குமாரசாமி.

பின்குறிப்பு: குளிர் என்று மேலே எழுதியது பொய், மாமா. அன்றைக்கு மழை விட்டு ஆரணியில் வெயில் அடித்தது; பூவம்மாளைக் கேட்டால் சொல்லிவிடுவார். நான் சிரித்தேன். பஞ்சாட்சரம் செம்மண் என்றானே, அங்கே ஆரம்பித்தது. அவர் ஏறினபோதும் சிரித்தேன், இறங்கினபோதும் சிரித்துக்கினுதான் இருந்தேன். செய்யாறு தாண்டி, இவன் மூஞ்சியப் பாரேன் தேவகி என்று சொல்லப் பக்கத்துச் சீட்டுக்குத் திரும்பினேன். யேசுதாஸோட ஈரப்பை இருந்தது. அப்புறம் காஞ்சிபுரம் வரை நான் செய்ததைப் பூவம்மாள் பார்க்கவில்லை. மூணு பேருக்கும் என்ன பண்றதுன்னு தெரியல. கடைசில பஞ்சாட்சரம் என் தோளப் புடிச்சிக்கினு, "அது என் சாயந்தான்பா, சரியா அலசல, அழுவாத" என்றான். எட்டு மாசமா அவளை நினைச்சா அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்தான் வந்துக்கினு இருந்தது, மாமா. அவ சிரிக்கிற மாதிரி ஒரு தடவகூட வரல. அன்னிக்கி பஸ்ல வந்தது. இந்தக் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டும்போது நான் சிரித்த இடத்தையும் விடாமல் படியுங்கள். அவள் யாரைப்போலச் சிரிப்பாள் என்பது அத்தைக்குத் தெரியும்.