மண்ணோடு பழகிய பெட்டி

ஆஸ்திரேலியாவின் கோதுமைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பிண்டாரூவின் மொத்த மக்கள்தொகை முந்நூற்றுப் பத்து. அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதில் நாற்பது பேர் ஊர்ப் பொது மண்டபத்தின் வாசலில் வரிசையாக நின்றார்கள். இத்தனை பேரை ஒன்றாக நான் கடைசியாகப் பார்த்தது எங்கள் கால்பந்து அணி இறுதி ஆட்டத்தில் தோற்ற அன்றுதான். அன்றைக்குக்கூட இவ்வளவு பயபக்தி இல்லை.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு கம்ப்யூட்டர். ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரு கையாலும் அணைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். உள்ளே மேடையில் டாரல் கின்னேன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முன்னால் இரண்டு துண்டு வேலிக் கம்பி. பக்கத்தில் விற்பனைக்கு இருபது இரும்புப் பெட்டிகள்.

டாரலின் அப்பா எங்கள் பக்கத்துக் கோதுமைப் பண்ணைகளுக்குத் தண்ணீர் பார்த்தவர். முனை மடக்கிய இரண்டு கம்பிகளைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நடப்பார். அவை குறுக்கே சாய்ந்து ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் அந்த இடத்தில் தண்ணீர். தோண்டினால் வரும். வராமல் எங்கே போகும்? எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் நாற்பது அடியில் தண்ணீர் உண்டு. தோண்ட வேண்டிய கிணறெல்லாம் தோண்டி முடிந்ததும் தொழில் படுத்துவிட்டது. மகன் காலத்துக்கேற்றபடி கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டார்.

அவருக்கு வாய்ப்பு கொடுத்தது எங்கள் மின்சாரம். பண்ணை வீடுகளுக்கு அது ஒற்றைக் கம்பியில்தான் வருகிறது, திரும்பிப் போவது மண் வழியாக. இது கட்டுக்கதை அல்ல, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். கம்பியோ மைல் கணக்கில் நீளம். அதோடு இடி, தூசி, நாற்பத்தைந்து டிகிரி வெயில், பெட்டிக்குள் குடித்தனம் நடத்தும் சுண்டெலி எல்லாம் சேர்ந்து கம்ப்யூட்டரின் பவர் சப்ளையை அடிக்கடி தீர்த்துக்கட்டும். சுவரிலிருந்து மின்சாரத்தை வாங்கி உள்ளே பக்குவமாகப் பங்கிட்டுக் கொடுக்கிற இரும்புப் பெட்டி அது. டாரல் அங்கேதான் பிடித்தார். மின்சாரம் மண்ணுக்குள் ஓடுகிறதா? ஓடுகிறது. மண்ணுக்குள் ஓடுவதை டாரலின் கம்பி காட்டுமா? காட்டும், அப்பாவுக்குக் காட்டியதே. அவ்வளவுதான், ஊர் விழுந்துவிட்டது.

உங்கள் கம்ப்யூட்டர் மேல் கம்பியை நீட்டிப் பார்க்க நாற்பது டாலர். கம்பி அசையாது. யாருக்கும் அசைந்ததில்லை. பிறகு தன்னுடைய பெட்டி ஒன்றின் மேல் நீட்டுவார். கம்பிகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும். "சிட்னிக்காரன் விக்கிற பெட்டிக்கு நம்ம மண்ணு ஒத்துக்காதுப்பா. இது மூணு நாள் நம்ம மண்ணோட பழக்கி எடுத்தது," என்பார். நூற்று எண்பத்தொன்பது டாலர்.

நான் இந்த ஊர் பேக்கரிக்காரன். நானும் ஒன்று வாங்கினேன், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று. இதைக் கடைசியில் சொல்லலாம் என்றிருந்தேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், நடுவில் நீங்கள் என்னை அதிகமாக மதித்துவிடக் கூடாது.

வரிசையில் பதினோராவது ஆளாக நின்றவள் லியான் ட்ரெகியர். நாற்பத்தொரு வயது. அறுவடைக் காலத்தில் ஊர்த் தானியக் கிடங்கில் லாரிகளை எடைபோடுவது அவள் வேலை. மற்ற மாதங்களில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாக நர்ஸ் படிப்பு. கடைசித் தேர்வு வரும் வியாழக்கிழமை. போன புதன்கிழமை அவள் பவர் சப்ளை டப்பென்று வெடித்துச் செத்தது. தேர்வைத் தவறவிட்டால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். ஊரும் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் பழைய நர்ஸ் போனதிலிருந்து எங்கள் மருத்துவ நிலையம் திங்கட்கிழமை மட்டும்தான் திறக்கிறது. செவ்வாய்க்கிழமை விரலை வெட்டிக்கொண்டவன் ஆறு நாள் பொறுக்கலாம், அல்லது நூற்றுப் பத்து கிலோமீட்டர் வண்டி ஓட்டலாம். அவளிடம் இருந்தது நூற்று முப்பது டாலர். டாரலிடம் போ என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன்.

டாரல் கம்பியை நீட்டினார். அசையவில்லை.

"கண்ணு, உன் பெட்டி செத்துப்போச்சு," என்றார்.

"செத்தது எனக்கே தெரியும் டாரல். நாற்பது டாலருக்குப் புதுசா ஏதாவது சொல்லு."

"இந்தா, இது எண்ணூறு வாட். தூக்கிப் பாரு. கனமே சொல்லும்."

லியான் தூக்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தாள்.

"முன்னாடி எண்ணூறுன்னு கொட்டை எழுத்துல இருக்கு. பக்கத்துல பொடி எழுத்துல பன்னெண்டு வோல்ட், பதினாறு ஆம்ப்னு இருக்கு. கம்ப்யூட்டர் முக்காவாசி சாப்பிடறது இந்தப் பன்னெண்டு வோல்ட்லதான். பன்னெண்டைப் பதினாறால பெருக்கினா நூத்தித் தொண்ணூத்திரண்டு. மீதி அறுநூறு எங்க?"

"மீதி மண்ணுலேர்ந்து வரும்," என்றார் டாரல்.

நாற்பது தலைகள் ஆடின. என்னுடையதும் ஆடியது.

பின்னால் நின்ற நெவில் ஹார்ட்விக்குக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டாயிரம் ஏக்கர் கோதுமைக்காரர், டாரலின் முதல் பக்தர். "லியான், எழுத்தை எல்லாம் ஏன் படிக்கிற? கனமா இருந்தா நல்ல சாமான்தான்."

"போன அறுவடைக்கு உன் லாரி முப்பத்தெட்டு டன் காட்டிச்சு நெவில். அப்படியே எழுதிக்கிட்டேனா?"

நெவில் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தார். "இல்ல."

"என்ன பண்ணேன்?"

"குத்திப் பாத்த."

"என்ன வந்துச்சு?"

"கொஞ்சம் ஈரம்."

"கொஞ்சமா?"

மண்டபம் சிரித்தது. கிடங்குக்கு எந்த லாரி வந்தாலும் நீளமான ஒரு குழாயை நடுவில் குத்தி, அடியில் இருப்பதை உருவி எடுத்துப் பார்ப்பார்கள். மேலே தங்கமாக இருக்கும் கோதுமை அடியில் வேறு கதை சொல்லும். சொந்தத் தம்பி லாரியானாலும் லியான் குத்தாமல் விட்டதில்லை.

"இதையும் குத்திப் பாப்போம்," என்றாள்.

வண்டியிலிருந்து ஐந்து வாளிகள் கொண்டு வந்தாள். முதலில் வாளி இல்லாமலே டாரலின் பெட்டியைத் தரையில் வைத்தாள். கம்பிகள் உடனே கட்டிக்கொண்டன. "சந்தேகமே இல்லையே?" என்றாள். "கண்ணைக் கட்டினாலும் காட்டும்," என்றார் டாரல். வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

"கண்ணைக் கட்ட வேணாம், பெட்டியை மூடினா போதும். மூணு தடவை. ஒரு தடவை குருட்டாம்போக்குல அமையலாம், மூணு தடவை அமையாது. மூணும் சரியா காட்டினா நான் கடன் வாங்கியாவது உன் பெட்டியை வாங்கறேன்."

டாரலை வெளியே அனுப்பிவிட்டு வாளிகளைக் கவிழ்த்தோம். ஒன்றுக்குள் டாரலின் பெட்டி. மற்றவற்றில் லியானின் செத்த பெட்டி, ஒரு செங்கல், இறைச்சி வைத்துச் சுட்ட, என் கடையின் சூடான சாசேஜ் ரோல். ஐந்தாவது காலி.

முதல் தடவை கம்பி செங்கலைக் காட்டியது. "எல்லார் பையிலயும் போன் இருக்கு, அது இழுக்குது," என்றார் டாரல். நாற்பது போன்களையும் என் ரொட்டிக் கூடையில் போட்டு வெளியே வைத்தோம். இரண்டாவது தடவை காலி வாளி. "சந்தேகப்படறவ பக்கத்துல நின்னா கம்பி சுருங்கிடும்," என்றார். லியான் வெளியே போய் மரத்தடியில் நின்றுகொண்டாள். வாளிகளை இடம் மாற்றும் பொறுப்பு நெவிலுக்கு வந்தது. அவரைவிட நம்பிக்கையான ஆள் மாநிலத்திலேயே கிடையாது.

மூன்றாவது தடவை டாரல் வெகுநேரம் நடந்தார். நான்காவது வாளிக்கு மேலே கம்பிகள் ஆவேசமாகக் கட்டிக்கொண்டன.

"இதுதான். கையைப் பிடிச்சு இழுக்குது. நம்ம மண்ணு பேசுது நெவில், திற."

நெவில் திறந்தார். சாசேஜ் ரோலிலிருந்து லேசாக ஆவி வந்தது.

பதினெட்டு வருடமாகச் சுடுகிறேன். எந்தப் போட்டியிலும் எனக்கு இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை.

கூட்டம் இன்னும் முழுதாக விழித்துக்கொள்ளவில்லை. "கம்பி தப்பா இருக்கலாம், பெட்டி நல்ல பெட்டியாச்சே," என்றார் நெவில். லியான் உள்ளே வந்து என்னைப் பார்த்தாள். "நீயும் ஒண்ணு வாங்கினியே, அதைக் கரண்ட்ல செருகியிருக்கியா?"

"அட்டையைக்கூடப் பிரிக்கல."

"அப்ப சரி. செருகின பெட்டின்னா நான் திறக்க மாட்டேன். பிடுங்கின பிறகும் உள்ள ஆளைக் கொல்ற கரண்ட் தங்கியிருக்கும்."

ஓடிப்போய் எடுத்து வந்தேன். நாலு திருகாணி. மூடி கழன்றது. உள்ளே முடி மாதிரி நாலு வயர், ஒப்புக்கு ஒரு சின்னத் தகடு. அடியில் பசைபோட்டு ஒட்டிய அரைச் செங்கல் அளவு சிமெண்டுக் கட்டி. மண்ணோடு பழக்கிய பெட்டி என்றார் டாரல். அந்த மட்டும் அவர் பொய் சொல்லவில்லை, மண்ணை உள்ளேயே வைத்திருந்தார்.

கம்பியைத் தன் மணிக்கட்டுதான் சாய்க்கிறது என்பது டாரலுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். சிமெண்டு தானாக உள்ளே போகாது. நாங்கள் தலை நிமிர்ந்தபோது மேடையில் டாரல் இல்லை, பெட்டிகளும் கம்பியும் மட்டும் இருந்தன. அவர் வண்டி வீதி முனையில் திரும்புவதைச் சிலர் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர் மேல், பாதி என் தலை மேல்.

லியான் மில்டூரா நகரத்தில் ஒரு கடைக்குப் போன் செய்தாள். நானூற்றைம்பது வாட் போட்ட சாதாரணப் பெட்டி, எழுபத்தொன்பது டாலர். மினுமினுப்பு கிடையாது. கடைக்காரர் படித்துச் சொன்ன பொடி எழுத்தில் பன்னிரண்டு வோல்ட், முப்பத்தாறு ஆம்ப் என்று இருந்தது. பெருக்கினால் நானூற்று முப்பத்திரண்டு, கொட்டை எழுத்துக்கும் பொடி எழுத்துக்கும் பெரிய சண்டை இல்லை. அவள் கம்ப்யூட்டருக்கு முந்நூறே அதிகம். ஐந்து வருட உத்தரவாதம். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வந்து சேர்ந்தது. எந்த மண்ணோடும் பழகாமல் வியாழக்கிழமை மூன்று மணி நேரம் மூச்சுவிடாமல் ஓடியது.

லியான் தேறிவிட்டாள். இப்போது மருத்துவ நிலையம் வாரத்தில் ஐந்து நாளும் திறந்திருக்கிறது. முதல் செவ்வாய்க்கிழமையே வந்த நோயாளி நெவில். கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டிருந்தார். வேலிக் கம்பியை மடக்கும்போது வழுக்கியதாம். எதற்கு மடக்கினார் என்று நாங்கள் கேட்கவில்லை. ரொட்டி கொடுக்கப் போன நான் கதவருகே நின்றிருந்தேன்.

"பெட்டி விஷயத்துல டாரல் ஏமாத்தினான், ஒத்துக்கறேன்," என்றார் நெவில், லியான் கட்டுப் போடும்போது. "ஆனா அவன் அப்பா நிஜமாவே தண்ணி பாத்தாரும்மா. எங்க பண்ணைல மூணு இடம் காட்டினார், மூணுலயும் வந்துச்சு."

லியான் முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அடுத்த தடவை யாராவது கம்பியோட வந்தா, தண்ணி இல்லாத இடம் ஒண்ணே ஒண்ணு காட்டச் சொல்லு நெவில். அதைத் தோண்டிப் பாத்துட்டு எனக்குச் சொல்லு."

நெவில் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஒரு பிடி கோதுமையைக்கூடக் குத்திப் பார்க்காமல் வாங்காத ஊர் இது. காதில் கொட்டப்படுவதை மட்டும் லாரி லாரியாக அப்படியே இறக்கிக்கொள்கிறோம்.