இரண்டு அடி குறைகிற நாடு

அன்புள்ள மைத்துனன் ஓர்லினுக்கு, அரிசோனா பாலைவனத்திலிருந்து உன் அத்தான் டெல்மர் எழுதிக்கொள்வது.

நானும் என் வண்டியும் சௌக்கியம். வடக்கு டகோட்டாவில் இந்நேரம் பனி உன் ஜன்னல்வரை ஏறியிருக்கும். நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் உன் அக்கா லவோன் கண்ணில் படவே கூடாது. படுக்கையும் அடுப்படியுமாக நாங்கள் குளிர்காலம் முழுக்கக் குடியிருக்கும் எங்கள் வீட்டு வண்டியை அவள் எனக்குத் தெரியாமல் விற்கப் பார்க்கிறாள்.

முப்பத்தொரு வருஷம் தராசும் அளவுகோலும் சோதித்த இன்ஸ்பெக்டர் நான், ஆதாரமில்லாமல் பேச மாட்டேன். குளிருக்குத் தெற்கே வரும்போதெல்லாம் சாலையோரத்து 'உலகிலேயே பெரிய' சமாச்சாரங்களில் நிறுத்துவோம். லவோன் பலகையை வாசிப்பாள், நான் டேப் பிடிப்பேன். இந்த வருஷம் வழிநெடுகப் பித்தலாட்டம். நெப்ராஸ்காவில் சிமெண்டு மீன் பதினெட்டு அடி என்று வாசித்தாள், டேப்பில் பதினாறு. கான்சாஸில் இரும்பு வெட்டுக்கிளி இருபத்தெட்டு என்றாள், இருபத்தாறுதான். நாடே இரண்டு அடி குறைகிறது! மீனுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த அம்மாளிடம் நியாயம் கேட்டேன். என் முதுகுக்குப் பின்னால் லவோன் அவளுக்கு ஏதோ ஜாடை காட்டினாள். அங்கேயே எனக்குப் பொறி தட்டியது.

இங்கே வந்து, இந்த மாதிரி வண்டிகள் தங்கும் மைதானத்தில் நிறுத்த வண்டியைப் பின்னால் எடுத்தேன். வழக்கம்போல அவள் பின்னால் நின்று கை காட்ட வேண்டும், நான் கண்ணாடியில் பார்த்து நிறுத்த வேண்டும், பதினொரு வருஷமாக அப்படித்தான். இந்தத் தடவை கையே காட்டவில்லை, நான் போய்த் தண்ணீர்க் குழாயில் இடித்தேன். கேட்டால் இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினாளாம். சுத்தப் பொய். இடிபட்ட வண்டியை மலிவாகத் தள்ளிவிடலாம் அல்லவா? அப்புறம் பக்கத்து வண்டி மெர்ல், பஸ் ஓட்டி ரிட்டயரானவன், நம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து சக்கரத்தைத் தட்டிப் பார்க்கிறான். எனக்குச் சுட்ட உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவி அவனுக்கு நாலு! என் டிரைவர் சீட்டை எவனோ நாலு விரற்கடை முன்னே தள்ளியிருக்கிறான், வாங்க வந்த குள்ளன் எவனாவது உட்கார்ந்து பார்த்திருப்பான். செவ்வாய்க்கிழமை விடியும் முன்னே போனவள், ஆறு மணிக்கு வருவேன் என்று சீட்டு எழுதி வைத்திருந்தாள். வந்தது எட்டுக்கு. மெர்ல் கூடவே வருகிறான், சிரித்துக்கொண்டு.

பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன், "வண்டியை விக்கப் போறியா?"

"விக்கிறதா இருந்தா முதல்ல உங்களைத்தான் விப்பேன். வாங்க ஆள் வேணுமே" என்றாள்.

பேச்சை எப்படி மாற்றினாள் பார்த்தாயா? ஓர்லின், இந்த வண்டி போனால் அப்புறம் நான் எதற்கு? ஆறு மாசம் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாதப்பா. நீ சொன்னால் கேட்பாள், சொல்லு.

உன் வீட்டுக் குழாய்கள் உறையாதிருக்கட்டும், பிள்ளைகள் நன்றாயிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான் டெல்மர்

பி.கு.: தம்பி, அக்கா எழுதுறேன். உறையில கோடே தெரியலை, விலாசம் எழுதிக் கொடுன்னு இதை என்கிட்டயேதான் கொடுத்தார். நான் சீட்டுல எழுதினது எட்டு மணி. மீனும் பதினெட்டு அடிதான், கடைக்காரம்மாகிட்ட விட்டுடுங்கன்னு ஜாடை காட்டினேன். மனுஷனுக்கு எட்டெல்லாம் ஆறாத் தெரியுது. கண்ணுல புரையா இருக்கும், ஊருக்கு வந்ததும் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போறேன். இப்பவே சொன்னா ஒடிஞ்சு போயிடுவார்னுதான் மெர்ல்கிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். சீட்டைத் தள்ளின குள்ளன் நான்தான். நாளைக்குக் கிளம்புறோம், நான் ஓட்டுறேன். பின்னால நின்னு கை காட்டுறது இனி அவர் வேலை. அவர் எங்க நிறுத்தச் சொன்னாலும் ரெண்டு அடி முன்னாடியே நிறுத்திடுவேன்.