‘ம்’ மட்டும் சொல்லச் சொன்னவள்

காவிரி எங்கள் பக்கத்தில் எத்தனை கிளையாகப் பிரிகிறதோ, அத்தனை கிளையாக என் பொறுமையைப் பிரித்து ஓட விட்டவள் ஒருத்திதான். எனக்கு வயது எழுபத்திமூன்று. அரிசி ஆலைக் கிடங்கு ஒன்றில் முப்பத்தொரு வருஷம் மூட்டை எண்ணியவன். லாரிக்காரர், எடைக்காரர், மேஸ்திரி என்று எத்தனையோ பேரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். பிளஸ் ஒன் படித்த பெண்ணிடம் தோற்ற மாதிரி யாரிடமும் தோற்றதில்லை.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பாபநாசத்தில் எங்கள் தெருவில் வீடுகள் இருபத்திரண்டு. அதில் இருபத்தொரு வீட்டுக்கு அந்தப் பெயர் தெரியாது. எல்லோருக்கும் அவள் ‘கண்ட்ரோல்’. எதைச் சோதித்தாலும், அதே மாதிரி இன்னொன்றை எதுவும் செய்யாமல் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும், அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர் எனப் பள்ளியில் யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். சொன்னவர் நன்றாக இருக்கட்டும். நாங்கள் நன்றாக இல்லை. ஒருநாள் மருந்துக்கடை வாசலில் அவளுடைய தோழி “கண்ட்ரோல்!” என்று கூப்பிட, சர்க்கரை மாத்திரைக்கு நின்றிருந்த மூன்று பேர் “இருக்கு, இருக்கு” என்றார்கள்.

காலாண்டுத் தேர்வில் தமிழுக்கு மட்டும் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். வேதியியலுக்கு வேண்டுமென்றே கோயில் பக்கம் திரும்பவில்லை. வேதியியலில் ஒன்பது மார்க் அதிகம். அதைக் குருக்களிடமே போய்ச் சொன்னாள். அதிலிருந்து அவளைக் கண்டால் அவர் விபூதித் தட்டோடு உள்ளே போய்விடுவார்.

பித்தளையில் ஆற்றிய காபிக்கு எவர்சில்வரில் ஆற்றிய காபி ஈடாகாது என்று நான் முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்லி வந்தவன். அவள் துண்டால் என் கண்ணைக் கட்டி, ஒரே மாதிரிக் காகிதக் கப்பில் மாற்றி மாற்றி ஆறு முறை குடிக்க வைத்தாள். நாலு முறை தப்பாகச் சொன்னேன். “அப்ப இத்தனை வருஷமா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னீங்களா?” என்று என் மனைவி கேட்டாள். பிறகு இரண்டு நாள் எதுவுமே கேட்கவில்லை.

இந்த அழகில், பள்ளியில் ஓர் அறிவிப்பு வந்தது. பிளஸ் ஒன் பிள்ளைகள் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்து, ஐந்து மாதத்துக்குள் ஆராய்ச்சி செய்து அறிக்கை தர வேண்டும். சிறந்த ஒன்று மாவட்டக் கண்காட்சிக்குப் போகும். மற்ற பிள்ளைகள் அன்று மாலையே தெர்மக்கோல் வாங்கிவிட்டார்கள். இவள் கேள்வி தேடினாள். பதினொரு கேள்விகள் எடுத்துப் பத்தைத் தள்ளினாள். தள்ளிய பத்தில் ஒன்று, காலை நடை போகும் முதியவர்கள் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை தரம் அலுத்துக்கொள்கிறார்கள் என்பது. அதற்காக மூன்று நாள் என் பின்னாலேயே நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். அந்த மூன்று நாளும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பின்னால் ஆள் வருவதால்தான் ஏறுகிறது என்று அவளே கண்டுபிடித்து, கைவிட்டாள்.

கடைசியில் நின்ற கேள்வி இது: புளித்த மோரைத் தெளித்தால் நெல் கூடுதலாகத் தூர் கட்டுமா? ஒரு குத்து நாற்றிலிருந்து கிளைத்து வரும் தண்டுகளைத்தான் தூர் என்போம். மோர் தெளித்தால் அது பெருகும் என்று எங்கள் பக்கத்தில் அடித்துச் சொல்கிறவர்கள் நிறைய. வாய்க்காலை ஒட்டி எனக்கு இரண்டு மா நிலம் இருப்பது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அதன் மூலையில் பத்தடிக்குப் பத்தடியாக இரண்டு பாத்தி கேட்டாள். கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம்.

இதில் அவளுக்கு ஒரு பந்தயமும் இருந்தது. அவள் அப்பா மெயின் ரோட்டில் இருசக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கிறவர். பெண் உள்ளூரிலேயே பி.காம். படித்தால் போதும் என்பது அவர் எண்ணம். அவளுக்கு வேளாண் கல்லூரி வேண்டும், விடுதியில் தங்க வேண்டியிருந்தாலும் சரி. ஒரு மாதம் வீட்டில் சத்தம் போட்டபின் அப்பா இறங்கி வந்து, பள்ளியில் அவள் ஆராய்ச்சியைத் தேர்ந்தெடுத்தால் அனுப்புகிறேன், இல்லையென்றால் அந்தப் பேச்சே கூடாது என்றார். தெரு முழுக்க இது தெரியும். அதனால்தான் பதினாலு வீட்டில் மோர் கொடுத்தார்கள். பதினைந்தாவது என் வீடு. ஆறு வாரம் எங்கள் வீட்டில் மோர்க்குழம்பு கிடையாது.

ஒரு பாத்திக்கு மோர்க் கரைசல். இன்னொன்றுக்கு, அதே நாள், அதே நேரம், அதே தெளிப்பானில், அதே அளவு வெறும் தண்ணீர்.

“வயல்ல தண்ணி நின்னுக்கிட்டுதானே இருக்கு? அது மேல எதுக்கும்மா தண்ணி?”

“அதுக்குப் பேருதான் கண்ட்ரோல், தாத்தா.”

எண்ணும் நாள் வந்தது. பாத்திக்கு முப்பது குத்து. நான் குனிந்து தூர்களை ஒவ்வொன்றாக விலக்கிச் சொல்ல வேண்டும், அவள் நோட்டில் கோடு போட வேண்டும். எண்ணுவதில் என் அனுபவத்தைச் சொல்லி, தண்ணீர்ப் பாத்தியில் இறங்கினேன். உடனே ஒரு நிபந்தனை போட்டாள். நான் எண்ணைச் சொல்லக் கூடாதாம். எண் காதில் விழுந்தால் அவள் மனம் அதற்கு ஏற்றபடி கோட்டைக் கூட்டிக் குறைத்துவிடுமாம்.

“பின்னே என்னத்தைச் சொல்றது?”

“ஒவ்வொரு தூருக்கும் ‘ம்’ மட்டும் சொல்லுங்க.”

முப்பத்தொரு வருஷம் மூட்டை எண்ணியவனை நடுவயலில் நிறுத்தி ‘ம்’ சொல்ல வைத்தாள். வரப்பில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “யாருக்குங்க தலையாட்டுறீங்க?” என்று கேட்டார். மறுநாள் என் இடுப்பு எழுந்திருக்க மறுத்தது. மோர்ப் பாத்தியை அவளே எண்ணி அவளே எழுதிக்கொண்டாள்.

முடிவு வந்தது. மோர்ப் பாத்தியில் குத்துக்குச் சராசரியாக ஒரு தூர் அதிகம். உயிரியல் டீச்சர் தலைமையாசிரியையிடம் போய், இந்த வருஷம் நம் பள்ளிக்கு இதுதான் என்று சொல்லிவிட்டார். மோர் கொடுத்த பதினாலு வீட்டுக்காரர்களும் தாங்களே நெல்லைக் கண்டுபிடித்த மாதிரி நடந்தார்கள். தை அறுவடை முடிந்தது. கொடுக்க நாலு நாள் இருக்கும்போது சுருள் பைண்டிங் போட்ட அறிக்கையைக் கொண்டுவந்து என்னிடம் படிக்கத் தந்துவிட்டுக் கிளம்பினாள். நன்றியுரையில் என் பெயர் இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. நேராக அட்டவணைக்குப் போனேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘ம்’ சொன்ன அன்று நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். குத்துக்குக் குத்து அவள் நகரும்போது, சட்டைப் பையிலிருந்த சின்ன டயரியில் எழுதியும் வைத்தேன். எண்ணாமல் இருப்பது எனக்கு ஆகாது. இப்போது டயரியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தண்ணீர்ப் பாத்தியின் முப்பது குத்திலும் அவள் கணக்கு தப்பு. முப்பதிலும் ஒன்று குறைவு.

என் சர்வீஸில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை. அவள் தெருமுனை தாண்டுவதற்குள் துண்டோடு ஓடிப் பிடித்து, மறுபடி என் வீட்டுக்கே அழைத்து வந்தேன்.

“முப்பதுக்கு முப்பது தப்பு. காது கேக்குமா உனக்கு?”

அவளுக்குக் கோபம் வரவில்லை. அட்டவணையையும் டயரியையும் வரிக்கு வரி விரல் வைத்து ஒப்பிட்டாள்.

“தப்புன்னா சிலது கூடும், சிலது குறையும் தாத்தா. எல்லாத்துலயும் ஒண்ணே ஒண்ணு குறையுதுன்னா அது வேற என்னமோ.” எழுந்து போய் எங்கள் வீட்டுத் துடைப்பத்திலிருந்து பத்து ஈர்க்குச்சி உருவிக்கொண்டு வந்தாள். “வயல்ல சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

நான் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். “லாபம். ம். ம். ம்...”

“நிறுத்துங்க. முதல்ல என்ன சொன்னீங்க?”

“லாபம்.”

“அது என்ன?”

நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. லாபம், இரண்டு, மூன்று என்றுதான் போகும். மங்கலமாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக. கிடங்கில் மூட்டைக்கும் அப்படித்தான். இப்போது மாத்திரை எண்ணினாலும் எனக்கு வாயில் அதுதான் வரும்.

“அதுதான்மா ஒண்ணு” என்றேன்.

“நான் பிள்ளையார் சுழி மாதிரின்னு நெனச்சேன் தாத்தா. ஒவ்வொரு குத்துக்கும் சாமி கும்புட்டு ஆரம்பிக்கிறீங்கன்னு. ‘ம்’முக்கு மட்டும்தான் கோடு போட்டேன்.”

பென்சிலை எடுத்து அட்டவணை ஓரத்தில் தண்ணீர்ப் பாத்திக் கணக்கு முப்பதோடும் ஒவ்வொன்று கூட்டிக்கொண்டே போனாள். கீழே சராசரி போட்டாள். மோர்ப் பாத்தியும் தண்ணீர்ப் பாத்தியும் ஒன்றாக வந்து நின்றன.

“மோர் ஒண்ணும் பண்ணலை தாத்தா” என்றாள். “அந்த ஒரு தூர் நீங்கதான்.”

பந்தயம் என்னவென்று எனக்குத் தெரியாதா? யாருக்கும் தெரியாது, அறிக்கையை அப்படியே கொடு, டயரியை நான் அடுப்பில் போட்டுவிடுகிறேன் என்று கெஞ்சினேன். கணக்கைப் பொய்யாக வைத்துக்கொள்ளச் சொல்லி நான் ஒருவரிடம் கெஞ்சியது என் வாழ்நாளில் அது ஒரே தடவை.

“சரி” என்றாள். “அறுத்த வயலுக்குப் போய் மோர்ப் பாத்தியில குத்துக்கு ஒரு தூர் நட்டுட்டு வாங்க. நான் மாத்தாம குடுத்துடறேன்.”

மறுநாள் டீச்சரும் நான் சொன்னதையேதான் சொல்லிப் பார்த்தாராம், கொஞ்சம் நாசூக்காக. அவள் கேட்கவில்லை. முடிவை மாற்றி, ‘பிழைக்கான காரணம்: லாபம்’ என்று ஒரு பக்கம் புதிதாகச் சேர்த்துக் கொடுத்தாள். பள்ளி வேறொன்றைத் தேர்ந்தெடுத்தது. தெர்மக்கோல் எரிமலை, நிஜமாகவே புகை விட்டதாம். எங்கள் ஊரில் ஏறிப் பார்க்க ஒரு குன்றுகூடக் கிடையாது. பதினாலு வீட்டுப் பெண்களும், அப்ப எங்க மோர் சரியில்லேங்கறியா என்று அவளிடம் சண்டைக்குப் போனார்கள். அவள் ஒவ்வொரு வீடாக உட்கார்ந்து விளக்கினாள். நான் வெளியிலேயே போகவில்லை.

இரண்டு நாள் கழித்து மாலையில் அவள் அப்பா வந்தார். கையில் கிரீஸ் அப்படியே இருந்தது. நான் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். அதில் படிக்க ஒன்றுமில்லை.

“பைண்டிங் போட்ட அப்புறம்தான் தப்பு தெரிஞ்சுதா சார்?”

“ஆமாம்ப்பா. தப்பு என்னோடது. அவ பேர்ல எதுவும்...”

“அது இருக்கட்டும். அவ சொல்லாம இருந்தா வேற யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காது. விட்டுடுன்னுதான் நானும் சொன்னேன்.”

என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வை என் முதலாளிகூட என்னைப் பார்த்ததில்லை.

“வண்டியைப் பூட்டி முடிச்ச அப்புறம் கீழே ஒரு வாஷர் கெடந்தா, எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு ஓட்டிக் காட்டுறவன்தான் சார் பாதிப் பேர். என் பட்டறையிலயே ரெண்டு பேர் இருந்தானுங்க, அனுப்பிட்டேன். என் பொண்ணு பூட்டினதை மறுபடி பிரிக்குது.” வாசல் வரை போய்த் திரும்பினார். “எங்கே வேணாலும் போய்ப் படிக்கட்டும்.”

அதற்கு அடுத்த வருஷம் அவள் வேளாண் கல்லூரிக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டு வரை ஒரு பையை நான் தூக்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம், எந்தக் கையில் தூக்கினால் மூச்சு அதிகம் வாங்குகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இடக்கை என்று எரிந்து விழுந்தேன். பஸ் வந்தது, ஏறினாள், போய்விட்டது. அதற்குப் பிறகு தஞ்சாவூருக்கு நாலு பஸ், கும்பகோணத்துக்கு மூன்று பஸ் போகும்வரை நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஏன் நின்றீர்கள் என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கேட்கிற ஆள்தான் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டதே.