விரிசலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

ஆங்கில ஆசிரியராக இருக்கும் அன்பு மைத்துனருக்கு,

நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். அப்படி இல்லாவிட்டாலும் முதலில் இதைப் படித்துவிட்டுப் பிறகு உடம்பைக் கவனியுங்கள். இங்கே நிலைமை அவசரம்.

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவர் மழைக்குப் பிறகு விரிசல் விட்டது. முதலில் தலைமுடி மாதிரி இருந்தது, அப்புறம் உங்கள் அக்கா அதில் ஊக்கு செருகி வைக்க ஆரம்பித்ததும் நான் ஒரு இன்ஜினியரை வரவழைத்தேன். சின்னப் பையன், நம்முடைய பாஷை சரியாக வராது. சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், டார்ச் அடித்துப் பார்த்தார், நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். நான்தான் பொறுக்கமாட்டாமல், "சார், இந்த வீட்ல நாங்க பயமில்லாம இருக்கலாமா? நான் கேக்கறது புரியுதா?" என்றேன். அவர் "டு எ செர்ட்டன் எக்ஸ்டென்ட்" என்று சொல்லிவிட்டு, அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

நான் நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவன். எக்ஸ்டென்ட் என்றால் பரப்பு, எந்தப் பத்திரத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். ஆகவே ஒரு குறிப்பிட்ட பரப்புக்குள் பயமில்லை, அதைத் தாண்டினால் நம் தலையெழுத்து. எல்லையைச் சொல்லாமல் போய்விட்டாரே மனுஷன். சுவர் சரிந்தால் எதுவரை வரும் என்று டேப் பிடித்துக் கணக்குப் போட்டுக் கூடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்தேன். கட்டில், பீரோ எல்லாவற்றையும் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்ததில் பீரோ வாசற்கதவை அடைத்துக்கொண்டு அசையமாட்டேன் என்றுவிட்டது. பால் பாக்கெட் இப்போது ஜன்னல் வழியாக வருகிறது.

அதே ஜன்னலில் மாடி வீட்டுக் கண்டக்டர் தலையை நீட்டி, செர்ட்டன் என்றால் நிச்சயம், நூற்றுக்கு நூறு பயமில்லை என்றார். கட்டிலைத் திரும்பத் தள்ளினேன். பாதி வழியில் அவர் மகள் வந்து, இல்லை அங்கிள், அதற்கு 'ஓரளவுக்கு' என்று அர்த்தம் என்றாள். ஓரளவு என்றால் எந்த அளவு? என் சர்வீஸில் அப்படியொரு அளவை நான் அளந்ததே இல்லை. சுவர் ஓரளவுக்கு விழுமா, நாங்கள் ஓரளவுக்குச் சாவோமா, ஒண்ணும் புரியலை. கட்டில் கோட்டின் மேலேயே நிற்கிறது.

இதற்கிடையில்தான் உங்கள் அக்கா கோட்டைப் பார்த்தாள். சமையலறை அந்தப் பக்கம்.

"இத்தனை வருஷமா என்னை எந்தப் பக்கம் வச்சிருக்கீங்கன்னு இன்னைக்குத்தான் கோடு போட்டுக் காட்டியிருக்கீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயம்.

சுவரைவிட அது பெரிய விரிசலாகப் பட்டது எனக்கு. வருவது வரட்டும் என்று என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் போட்டுக்கொண்டேன். அங்கிருந்துதான் எழுதுகிறேன். உங்கள் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறாள், ஆனால் கேட்காமலே காபி வந்தது.

ஆகவே மைத்துனரே, அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம், அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று உடனே பதில் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். அவர்களாவது ஆங்கிலத்தை முழுசாகக் கற்று, உறுதியான சுவர்களுக்கு நடுவே நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா வீட்டுக்காரர்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் இன்ஜினியர் போன் செய்தார். "நீங்க புரியுதா கேட்டீங்க. அதுக்கு சொன்னேன்" என்கிறார். நான் பேசியது அவருக்கு ஓரளவுக்குப் புரிந்ததாம், அவ்வளவுதான். வீட்டைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லையாம். சரி, வீடு எப்படி என்று கேட்டேன். "சேஃப், பை அண்ட் லார்ஜ்" என்றார். அப்படியே உங்கள் அக்காவிடம் சொன்னேன். பையும் தெரியும், லார்ஜும் தெரியும் என்று பரண் மேலிருந்த பெரிய பையை இறக்கித் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். ஆகவே பதில் எழுத வேண்டாம், நேரிலேயே சொல்லிவிடுங்கள். ஜன்னல் வழியாக உங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம்.