கரடிக்கு இருபத்திரண்டாம் நம்பர்

கரடி சுடறதுன்னு முடிவு பண்ணீட்டேனுங்க.

பெருமாநல்லூர்ல ஏதுய்யா கரடின்னு நீங்க கேப்பீங்க. நாயமான கேள்வி. இங்கே கெடையாது. இருந்து, அதைச் சுட்டாலும் உள்ளே தூக்கிப் போட்டுருவாங்க. நான் சுடப்போறது அமெரிக்காவுல. அங்கே பர்மிட் வாங்கிட்டுச் சட்டப்படியே சுடலாமாம். சுட்டவனைக் கரடி பக்கத்துல நிக்க வெச்சு போட்டோ வேற எடுத்துக் குடுப்பாங்களாம். எனக்கு வேண்டியது அந்த போட்டோதான்.

காரணம், எங்க பனியன் கம்பெனிக்கு எதுத்த கம்பெனி பொங்கியண்ணன். மனுசன் பாங்காக் போயி, ஒரு புலி மேல கையைப் போட்டு உக்காந்த மாதிரி போட்டோ எடுத்துட்டு வந்து ஆபீஸ்ல மாட்டியிருக்கார். புலி தூங்குது. தூங்குனாலும் புலி புலிதானுங்களே? சரக்கு வாங்க வர்ற பையர் எல்லாம் அதைப் பாத்து வாயைப் பொளக்கறான். எங்க ஆபீஸ்ல மாட்டியிருக்கறது எங்கப்பாரு போட்டோ. அதைப் பாத்து யாரும் வாயைப் பொளக்கறதில்லே.

இந்தச் சமயத்துலதான் எங்க அமெரிக்கா பையர் டக்ளஸ் வந்தாரு. ரெண்டாயிரத்து ஆறு, கோடைக்காலம். அவரு வேட்டைக்காரங்களுக்கு டி-ஷர்ட் விக்கறவரு. இலையும் சருகுமா பிரிண்ட் போட்ட டி-ஷர்ட். அதைப் போட்டுக்கிட்டுக் காட்டுல நின்னா, ஆள் நிக்கறதே தெரியாதாம். எங்கூட்டுல அந்தச் சட்டை போடாமலே நான் நிக்கறது யாருக்கும் தெரியறதில்லே.

சாம்பிளைப் புரட்டிக்கிட்டே டக்ளஸ் என்னைக் கேட்டாரு, "உங்களுக்கு வேட்டை பிடிக்குமா?"

பையர் கேட்டு இல்லேன்னு சொல்ற பழக்கம் திருப்பூர்லயே கெடையாதுங்க. முப்பது நாள்ல குடுப்பீங்களா? குடுப்போம். சாயம் போகாதே? போகாது. சுருங்காதே? சுருங்காது. அந்த வரிசையிலயே வந்துருச்சு. "வேட்டை? டெய்லி வேட்டை!"ன்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல சொல்லிப்புட்டேன்.

அவரு எந்திரிச்சு என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. அக்டோபர்ல கரடி வேட்டைக்குக் கட்டாயம் வரோணும், துப்பாக்கி அவர் தருவாரு, எந்தத் துப்பாக்கி எந்தத் தோட்டான்னு மட்டும் நான் பாத்து வெக்கோணும்னு கூட வந்த ஏஜென்ட் வாயாலயே சொல்ல வெச்சு, தண்டியா ஒரு கேட்லாக்கைக் குடுத்துட்டுப் போனாரு. ஆகஸ்ட்ல மறுபடி வருவாராம்.

இனிப் பாக்கி ஒரே ஒரு பர்மிட். அதைக் குடுக்க வேண்டிய ஆபீசர் என் சம்சாரம் ஜெயசுதா.

"அம்முணி, அக்டோபர்ல நான் அமெரிக்கா போறேன்."

"எதுக்குங்க?"

"கரடி சுட."

அவ சாம்பார் ஊத்தறதை நிறுத்தலே. "நீங்க கரடி விடறதுதானுங்களே வழக்கம். சுடறது எப்ப இருந்து?"

"வெளையாடாதே. நம்ம சாமியே வேட்டைக்குப் போனவரு."

"யாரு, முருகனுங்களா?"

"பின்னே?"

"வேட்டைக்குன்னு போன முருகன் மான் கொண்டாந்தாரா, முசல் கொண்டாந்தாரா? வள்ளியைத்தானுங்களே கொண்டாந்தாரு. இந்த ஊட்டு ஆம்பளை யாரும் வேட்டைக்குப் போக வேண்டாமுங்க."

நேர்வழியில போனா ஆகாதுன்னு தெரிஞ்சு போச்சு. குறுக்கு வழியில இறங்குனேன். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டேன்.

"எனக்கு மட்டும் ஆசையா அம்முணி? டக்ளஸ் கண்டிசனாச் சொல்லிப்புட்டாரு. நம்மூட்ல இருந்து ஒருத்தராச்சும் வேட்டைக்கு வந்தாத்தான் அடுத்த சீசன் ஆர்டராம்."

"நெசமாலுமா?"

"சத்தியமா."

முருகன் பேரைச் சொல்லிச் சத்தியம் பண்ணலீங்க. நான் அந்தளவுக்கு மோசமானவன் இல்லே.

அவ சாம்பார்ச் சட்டியை மூடி வெச்சா. அப்பறம், "ஆர்டருன்னா போயித்தானுங்களே ஆகோணும்"னா. கலியாணமாகி மொத தடவையா எங்கூட்டுல நான் ஜெயிச்சேன். அந்தச் சந்தோசத்துல ரெண்டு கரண்டி சோறு சேத்தியே தின்னேன்.

மறுநாள்ல இருந்து கேட்லாக்கும் நானுமா உக்காந்துட்டேன். டக்ளஸ் சொன்னது லீவர் வெச்ச துப்பாக்கி, அதுவும் பெரிய வாய் உள்ளது. விசைக்குக் கீழே கைவிரல் நுழையற மாதிரி ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே இழுத்து மேலே தள்ளுனா, சுட்ட தோட்டாக் கூடு வெளியே துள்ளி விழும், புதுசு உள்ளே ஏறும். படத்தைப் பாக்கறப்பவே எனக்குத் தோள் ரெண்டும் அகலமாயிருச்சு. துணி சுத்தி வர்ற அட்டைக் குழாய் ஒண்ணை எடுத்துக்கிட்டு, பீரோக் கண்ணாடி முன்னால நின்னு பழக ஆரம்பிச்சேன்.

"யாரைங்க சுடறீங்க?" ஜெயசுதா வாசப்படியில நிக்கறா.

"கரடிய."

"கண்ணாடியப் பாத்துங்களா?"

நான் குழாயை எறக்கி வெச்சுட்டேன்.

இப்பத்தான் விசயத்துக்கு வாரேன். கேட்லாக்ல ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு நம்பர். இருபத்திரண்டு, முப்பது முப்பது, நாப்பத்தஞ்சு எழுபதுன்னு. மத்தவனா இருந்தா முழிச்சிருப்பான். நான் நூல்லயே பொறந்து நூல்லயே வளந்தவனுங்க. நூல்ல நம்பர் ஏற ஏற மெல்லிசு. இருபதாம் நம்பர் நூல் தண்டியா இருக்கும், நாப்பதாம் நம்பர் நைசா இருக்கும். பச்சைக் கொழந்தைக்குக்கூட இது தெரியும்.

சந்தேகம் இருக்கக் கூடாதுன்னு இன்னொரு கணக்கும் போட்டுப் பாத்தேன். குன்னத்தூர்ல என் மாமனாரு, கடலைக் காட்டுக்குள்ளே எறங்கற பன்னியைச் சத்தம் போட்டு வெரட்டறதுக்கு, லைசென்சு வாங்கி ஒரு துப்பாக்கி வெச்சிருக்காரு. அது பன்னெண்டாம் நம்பர். அதோட வாய்ல என் பெருவிரலே போகும். பன்னெண்டு அந்தத் தண்டின்னா, இருபத்திரண்டு அதுக்குக் கொஞ்சம் எளைச்சது. நாப்பத்தஞ்சு வெறும் ஊசி. கணக்கு நூலு புடிச்ச மாதிரி வந்துருச்சு.

"அம்முணி, கரடிக்கு இருபத்திரண்டுதான். முடிவு பண்ணியாச்சு."

"நாப்பத்தஞ்சு எழுபது வேண்டாமுங்களா?"

"அது மெல்லிசு. பொம்பளைங்க புடிக்கறது."

"ஓ." அவ கேட்லாக்கைத் திருப்பிப் பாத்தா. "தோட்டா எடைன்னு போட்டிருக்கற எடத்துல, இருபத்திரண்டுக்கு நாப்பது கிரெயின், நாப்பத்தஞ்சுக்கு நானூத்தஞ்சு கிரெயின்னு இருக்குதுங்களே?"

"அது பெட்டியோட சேத்துப் போட்ட எடை."

"பெட்டி அத்தனை கனமாவா இருக்கும்?"

"எக்ஸ்போர்ட் பெட்டி. ஏழு அடுக்கு அட்டை."

"அப்பச் செரிங்க. நீங்க சொன்னாச் செரியாத்தான் இருக்கும்."

இந்த வார்த்தையை உங்க சம்சாரம் வாயால கேட்டிருக்கீங்களா? நானும் அதுவரைக்கும் கேட்டதில்லே. அப்பவே எனக்கு உள்ளுக்குள்ள மணி அடிச்சிருக்கோணும். அடிக்கலியே, என்ர கெரகம்!

ஆகஸ்ட்ல டக்ளஸ் வந்தாரு. எங்கூட்டுலதான் மத்தியானச் சாப்பாடு. சாட்சிக்கு ஆள் வேணும்னு பொங்கியண்ணனையும் நானே கூப்பிட்டு உக்கார வெச்சேன். ஜெயசுதா இடியாப்பமாட்டம் சந்தகை புழிஞ்சு, தேங்காப்பால் ஊத்தி வெச்சிருந்தா. டக்ளஸ் சந்தகையை முள்கரண்டியில சுத்திக்கிட்டே என்னமோ கேட்டாரு.

"எந்தத் துப்பாக்கின்னு முடிவு பண்ணியாச்சான்னு கேக்கறாருங்க"ன்னு தமிழ்ல சொன்னா ஜெயசுதா; அவளுக்கு இங்கிலீசு நல்லா வரும்.

நெஞ்சை நிமித்திக்கிட்டேன். "டுவென்டி டூ!"

"அது பழகறதுக்கு. கரடிக்கு எதுன்னு கேக்கறாருங்க."

"கரடிக்கும் டுவென்டி டூ. ஒன்லி டுவென்டி டூ. ஃபார்ட்டி ஃபைவ்... வெரி வெரி தின்!"

டக்ளஸ் வாய்க்குப் போன சந்தகை பாதி வழியிலயே நின்னுருச்சு. கரண்டியைக் கீழே வெச்சுட்டு நெடுநேரம் பேசுனாரு. கையை விரிச்சாரு. தலையில கை வெச்சாரு.

"என்னங்கறாரு?"

"இருபத்திரண்டு வெச்சு அவங்க ஊர்ல பொடுசுங்க அணில் அடிக்குமாமுங்க."

"கரடிய அடிச்சா?"

"யாரோ முதுகு சொறிஞ்சு விடறாங்கன்னு திரும்பிப் பாக்குமாமுங்க."

பொங்கியண்ணன் துண்டை எடுத்து மூஞ்சியை மூடிக்கிட்டாரு. துண்டு குலுங்குச்சு.

"நம்பர் ஏறுனா மெல்லிசுதானே அம்முணி? நூல்ல..."

"துப்பாக்கியில அந்த நம்பரு குழாய் ஓட்டையோட அகலமுங்க. ஏற ஏறப் பெருசு."

"அப்ப உங்கப்பா துப்பாக்கி? பன்னெண்டு?"

"அது வேற ரகமுங்க. அதுக்கு மட்டுந்தான் நம்ம நூல் கணக்கு செல்லும்."

பதிலு பட்டுன்னு வந்துச்சு. டக்ளஸைக் கேக்காமலே வந்துச்சு.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"கலியாணத்துக்கு முன்னாடியேங்க. அப்பா பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்க, தோட்டத்துல தேங்காத் தொட்டிய வரிசையா வெச்சு நாந்தானுங்களே சுடுவேன்."

"அடிப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க அத்தனை வெவரமாச் சொல்றப்ப நடுவுல எப்படிங்க பேசறது?"

டக்ளஸ் என்னைப் பரிதாபமாப் பாத்து ஒண்ணு சொன்னாரு. என்னைக் கூட்டிட்டுப் போனா எனக்கு உயிருக்கு ஆபத்து, அவருக்குக் கோர்ட்டுல ஆபத்துன்னு அதுக்கு அர்த்தமாம். அதுக்கப்பறம் அவரு என் பக்கமே திரும்பலே. ஜெயசுதாகூட இங்கிலீசுலயே பேச ஆரம்பிச்சுட்டாரு. அவளும் கையை ஆட்டி ஆட்டிப் பேசறா, லீவர் இழுக்கற மாதிரி இழுக்கறா, விரலைக் கூராக் காட்டறா, அப்பறம் மொட்டையாக் காட்டறா. டக்ளஸ் மேசையைத் தட்டிச் சிரிக்கறாரு. எனக்கு வவுறு எரிஞ்சுது.

"என்னதான் பேசறீங்க?"

"தோட்டா மூக்கைப் பத்திங்க. துப்பாக்கிக்கு அடியில இருக்கற இன்னொரு குழாய்க்குள்ளே தோட்டாவெல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நிக்கறதில்லீங்களா, கூர் மூக்கா இருந்தா முன்னாடி இருக்கறதைக் குத்தி வெடிச்சுரும். மொட்டை மூக்குதானே நல்லதுன்னு கேட்டேன். கேட்லாக்லயே போட்டிருக்குதுங்க." தண்ணி ஒரு வாய் குடிச்சா. "உங்களுக்குப் பதிலா என்னைய வரச் சொல்றாருங்க."

"நீயா? கரடிக்கா? ஒண்ணும் வேண்டாம்!"

"எனக்கு மட்டும் ஆசைங்களா? நம்மூட்ல இருந்து ஒருத்தராச்சும் போகலீன்னா ஆர்டர் இல்லேன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க." குரலைத் தாழ்த்துனா. "வேணும்னா அந்தக் கண்டிசன் நெசந்தானான்னு டக்ளஸையே கேட்டுரட்டுங்களா?"

பொங்கியண்ணன் துண்டை மூஞ்சியில இருந்து எடுத்துட்டாரு. காது ரெண்டும் என் பக்கம்.

"கேக்கறதுக்கு என்ன இருக்குது?"ன்னேன். "போயிட்டு வா."

"நீங்க சொன்னாச் செரிங்க"ன்னா.

அக்டோபர்ல போனா. நான் ஷிப்மென்ட் பாத்தேன். டி-ஷர்ட்ல நூல் பிசிறு வெட்டற ஆள் வரலீன்னா நானே உக்காந்து வெட்டுனேன். பொங்கியண்ணன் தினமும் ரோட்டைத் தாண்டி வந்து, "கரடி என்னாச்சு வேலு?"ன்னு கேட்டுட்டுப் போனாரு. அவருக்கு வேற வேலையே இல்லே.

ஒரு நாள் அவ போன் வந்துச்சு.

"சுட்டியா?"

"ஆச்சுங்க. நாப்பத்தஞ்சு எழுபதுல ஒரே தோட்டா. தோள்தான் கொஞ்சம் வலி."

அப்ப வந்தது வவுத்தெரிச்சலா, பெருமையான்னு எனக்கே தெரியலீங்க. "அங்கே நல்லாப் பாத்துக்கறாங்களா?"ன்னு கேட்டேன்.

"டக்ளஸ் சம்சாரம் தங்கமான மனுசிங்க. உங்களைப் பத்திக்கூட விசாரிச்சாங்க."

கொஞ்சம் நிமிந்து உக்காந்தேன். "என்ன கேட்டாங்க?"

"உங்க வீட்டுக்காரரு என்ன பண்றாருன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நம்ம கம்பெனியிலயே ஒரு வேலை போட்டுக் குடுத்திருக்கேன்னு சொன்னேனுங்க."