கையெழுத்துக்குப் பின் வந்த காதல்

வீடு விற்கிறவர்களில் பல ரகம் உண்டு. சுவர் விரிசலைக் காலண்டர் மாட்டி மறைப்பவர், குழாயில் தண்ணீர் வருகிற நேரம் பார்த்து ஆளை வரச் சொல்பவர், பக்கத்து வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நம்மை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துபவர். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். பாவம், உண்மையிலேயே விற்க நினைக்கிறார்கள். நாம் பார்க்கப்போவது வேறு ரகம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, முன்பணத்தை வாங்கிப் பத்திரப்படுத்தி, வாங்குகிறவரிடம் "நல்லா இருங்க" என்று வாழ்த்தும் சொல்லி, வீட்டுக்குத் திரும்பிய பிறகு தன் வீட்டின்மேல் காதல் கொள்கிறவர்.

நமக்குக் கிடைத்த மாதிரி, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். மழை வந்தால் சுவரெல்லாம் ஈரம் என்பார். வெயில் வந்தால் மாடியில் மனுஷன் இருக்க முடியுமா என்பார். படிக்கட்டைக் கட்டிய கொத்தனாரைத் திட்டாமல் ஒரு நாளும் மாடி ஏறியதில்லை. அந்தப் படிகளில் ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்துபோன அவர் மனைவிக்கோ, படியே இல்லாத ஒரு வீட்டுக்குப் போய்விட்டால் போதும். வங்கியில் இருந்த காலத்தில் மேலாளருக்கு மிகப் பிடித்த வசனம் ஒன்று இருந்தது. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு முழிப்பவர்களைப் பார்த்துச் சொல்வார்: "கையெழுத்துப் போட்டுட்டீங்கல்ல? அவ்ளோதான். இனிமே நீங்களே நெனச்சாலும் மாத்த முடியாது." சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

வீட்டை வாங்க வந்தவள் ஒரு தையல்காரி. கணவன் பஸ் ஓட்டுகிறவன். ஒப்பந்தம் முடிந்தது. எல்லாம் நல்லபடியாகவே போயிருக்கும், அவள் திரைச்சீலைக்கு அளவெடுக்க டேப்போடு வராமல் இருந்திருந்தால். மாடி அறையில் பழைய செய்தித்தாள் கட்டுகள் அடைத்துக்கொண்டிருந்த ஜன்னலை, கட்டுகளை நகர்த்தித் திறந்தாள். திறந்தவள் மகிழ்ச்சியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அடடா! இங்க மெஷினைப் போட்டா பகல்ல விளக்கே வேணாம் சார். கறுப்புத் துணியில கறுப்பு நூலே தெரியும்!"

"அப்படியா?" என்றார் மேலாளர்.

அந்த 'அப்படியா'வில்தான் சனியன் பிடித்தது. கையெழுத்துப் போட்டுவிட்ட வீட்டைப் புகழலாமா? அதுவும் விற்றவர் காதுபடவா? அன்று மாலையே அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அந்த ஜன்னலோரம் உட்கார்ந்தார். இத்தனை காலம் குடியிருந்த வீட்டில் இப்படி ஒரு வெளிச்சமா? இதையா அந்த விலைக்குக் கொடுத்தோம்? ஏமாந்துவிட்டோமே! காதல் தலைக்கேறியது. மறுநாள் தொலைபேசியை எடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. சொல்றதுக்கே கஷ்டமா இருக்கு. வீட்டைக் குடுக்க மனசு கேக்கல."

"சார், நாங்க வாடகை வீட்டைக் காலி பண்றோம்னு சொல்லியாச்சு. மாசக் கடைசியில அங்க வேற ஆளு குடிவராங்க. நாங்க எங்க சார் போவோம்?"

"புரியுதும்மா. ஆனா என் பொண்ணு வளந்த வீடு. கேட்டதுலேருந்து அழறா."

அந்த மகள் போன வாரம் பேசியபோது கேட்டது, "இன்னுமாப்பா அந்த வீட்டைத் தள்ளிவிடல?" என்பது மட்டும்தான்.

"அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்?"

"கையெழுத்து என்னம்மா, வெறும் மை. மனசுதான் முக்கியம்."

அந்த மனசைச் சமாதானப்படுத்த வழியே இல்லையா? உண்டு. விலையைக் கொஞ்சம் ஏற்றினால் அடங்கும் என்று ஜாடையாகச் சொல்லிவிட்டே வைத்தார். இந்த ரகத்தின் மனசு எப்போதும் பணப்பைக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

"கோர்ட்டுக்குப் போவோம்," என்று குதித்தான் கணவன்.

"போவோம். தீர்ப்பு வர வரைக்கும் மெஷினையெல்லாம் உன் பஸ்லயா போட்டுத் தைக்கிறது?" என்றாள் அவள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

கடைசியில் கெஞ்சிப் பார்க்கலாம் என்று போனாள். கதவைத் திறந்த மேலாளரின் மனைவி, மாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் காதோடு சொன்னார்: "கெஞ்சாதம்மா. கெஞ்சினா ஏறுவாரு. வேணாம்னு சொல்லு. நான் இவரோட குடும்பம் நடத்துறவ."

மேலாளர் ஜன்னலோரம், காதலியின் பக்கத்தில், வீற்றிருந்தார். தையல்காரி அவர் எதிரில் போய் நின்றாள்.

"நல்லதாப் போச்சு சார். நாங்களே சொல்லணும்னு இருந்தோம். எங்களுக்கு வேணாம்."

"எது வேணாம்?"

"வீடுதான். இந்த ஜன்னல்ல வெயில் நேரா அடிக்குது, தைக்கிற துணியெல்லாம் வெளுத்துடும். சுவரு ஈரம். படி வேற செங்குத்தா இருக்கு."

சொல்லிவிட்டாள். 'சரிம்மா' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளும் குடும்பமும் தெருவில். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மேலாளர் ஜன்னலைப் பார்த்தார். உண்மைதான், கண் கூசுகிறது. சுவரைப் பார்த்தார். அடடா, எவ்வளவு ஈரம்! இதை வாங்க இனி எந்த இளிச்சவாயன் வருவான்? நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"அதெப்படி? கையெழுத்துப் போட்டுட்டீங்கல்ல? அவ்ளோதான். இனிமே நீங்களே நெனச்சாலும் மாத்த முடியாது!"

"மனசு கேக்கலையே சார்."

"மனசாவது மண்ணாங்கட்டியாவது! மரியாதையா வந்து பத்திரத்தைப் பதிவு பண்ணுங்க, பழைய விலைக்கே!"

கீழே சமையலறையில் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றும் சத்தம் கேட்டது. பதிவு அலுவலகத்தில் கடைசி முத்திரை விழும்வரை தையல்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சிரித்துவிடுவோமோ என்று அவளுக்கு அப்படி ஒரு பயம்.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். சிரியுங்கள். நமக்கு இதெல்லாம் வருமா? ஆனால் உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய சைக்கிள் கிடந்ததே, எடுத்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்களாகவே வாக்குக் கொடுத்தீர்களே, அவரும் வந்து தூசியைத் துடைத்து, மணியை ஒருமுறை அடித்துப் பார்த்து, "அருமையான வண்டிங்க!" என்றாரே.

அந்த சைக்கிள் இப்போது யார் வீட்டில் இருக்கிறது?